கடைசிப் பெயர்

லங்கந்தால் ஆஸ்பத்திரிக் குசினியில்
பட்டியில் நகர்ந்து வரும் தட்டுகளுக்குக்
கரண்டி வைப்பது என் வேலை.
பத்தொன்பது வருடம்.
அட்டையில் ஆரின் பெயரென்று பார்ப்பதில்லை.
உப்பில்லை, சீனியில்லை, பன்றியில்லை,
இவ்வளவும் பார்த்தால் போதும்.

தை மாதக் கடைசிப் புதன், காலைச் சாப்பாடு.
மூன்றாம் மாடி, பிள்ளைப்பேற்று விடுதி.
அட்டையில் என் பெயர் வந்தது.

தில்லையம்பலம்,
கொட்டை எழுத்தில் முதலில்.
கமாவுக்குப் பிறகு, சின்னதாய், நிருத்திகா.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதென்று
கந்தோர்க்காரிக்கு விளங்கப்படுத்தப்
பாஷை போதாத காலத்தில்
என் சொந்தப் பெயரையே மகளுக்குக்
கடைசிப் பெயராய் எழுதிக் கொடுத்தவன் நான்.

பட்டி நிற்கவில்லை.
பெர்நாண்டா ஓடிவந்து
நான் விட்ட கரண்டியை வைத்தாள்.

ஏழு மாதம்.
அவள் வந்து சொன்ன அன்று
“ஆர் அவன்?” என்றுதான் கேட்டேன்.
“அது முடிஞ்சுது அப்பா” என்றாள்.
முடிந்தது அவனா, கதையா,
இரண்டாவது கேள்வி கேட்காமல்
கதவைக் காட்டினேன்.

வீட்டில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது.
ஓல்ட்டன், சொலத்தூர்ன், பேர்ண்,
போன கலியாணமெல்லாம் திகதியோடு.
நூறு. நூறு. இருநூறு, சொந்தம். நூறு.
அவளின் சாமத்தியத்துக்குக் கால்வாசி திரும்பி வந்தது.
மிச்சத்துக்கு ஒரு மண்டபம் பார்த்து வைத்திருந்தேன்,
பக்கத்தில் கார் நிறுத்த இடமும் உண்டு.
போன மாதம் செல்லக்கண்டர் மகனின் கலியாணம்.
எங்களுக்குக் காட் வரவில்லை.
“தபாலிலை தவறியிருக்கும்” என்றாள் மனைவி.
இந்த நாட்டில் தபால் தவறுவதில்லை.

குசினியில் வேறு கதை.
ஸ்பிண்டன் அம்மா கேக் சுட்டு வந்தாள்.
அவளின் மகனுக்கு இரண்டு பிள்ளைகள்,
கலியாணம் இன்னும் யோசனையில்.
கையைப் பிடித்துக் குலுக்கினாள்.
அந்த வாழ்த்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஏப்ரன் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

வியாழன் மத்தியானம் காளான் சோஸ்.
ஆறு வயதில் சூரிச் ரயிலில்
காளான் தின்று என் மடியில் சத்தி எடுத்தவள்.
தட்டில் கைவைக்க எனக்கு அனுமதியில்லை.
வைத்தேன். தக்காளிச் சோஸ் மாற்றினேன்.
பதற்றத்தில் கரண்டி இரண்டு போய்விட்டது.
மேலேயிருந்து தட்டு திரும்பியபோது
ஒன்று தொடாமல் கிடந்தது.
அதையும் கழுவப் போட்டேன், முறைதானே.

பிறகு மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும்
திடீரென்று வேலை கூடிற்று.
பிந்தி வருவாள், பையில் சுடுதண்ணிப் போத்தல்.
உள்ளி, மல்லி, வேர்க்கொம்பு,
பிள்ளைப் பெத்தவளுக்கு அவிக்கும் சரக்கின் மணம்
வீடெல்லாம் நிற்கும்.
நான் மூக்கில்லாதவன் போலச் செய்தி பார்த்தேன்.

பங்குனியில் ஒரு கடிதம் வந்தது.
காப்புறுதிக் கம்பனி, ஜன்னல் வைத்த உறை.
அமிழ்தினி தில்லையம்பலம்.
மகள் இன்னும் விலாசம் மாற்றவில்லை.
தபால்காரிக்குப் பெட்டியில் பெயர் இருந்தால் போதும்,
போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அமிழ்தினி.
வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
மகள் கட்டிப் போயிருந்தால்
இந்தப் பிள்ளையின் முதுகில்
ஆரோ ஒருவனின் பெயர் ஏறியிருக்கும்.
என்னுடையது அவளோடு நின்றிருக்கும்.
அதைத்தான் நான் இருபத்தாறு வருடமாய்
நேர்ந்துகொண்டிருந்தேன்.

மூன்று நாள் மேசையில் கிடந்தது உறை.
மற்றவரின் கடிதத்தைத் திறப்பது இங்கே குற்றம்.
வைத்திருப்பதும் குற்றமோ தெரியாது.
செவ்வாய்க்கிழமை
மனைவியின் பைக்குள், போத்தலுக்குப் பக்கத்தில் செருகினேன்.
திரும்ப எடுத்தேன்.
சப்பாத்தைப் போட்டுக்கொண்டு
“எத்தனையாம் நம்பர் பஸ்?” என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
இறுகியிருந்த போத்தல் மூடியை
இன்னொருதரம் இறுக்கினாள்.